தையல் போடாத காயம்

சில வாரங்களுக்கு முன் ஒரு மாலையில், 78 வயதுத் தாயாரை அழைத்துக்கொண்டு ஒரு மகள் எங்கள் காயப் பராமரிப்புப் பிரிவுக்கு வந்தார். குளியலறை வாசலில் கால் இடறிய தாயாரை விழாமல் தாங்குவதற்காக, அவருடைய முன்கையை மகள் இறுகப் பற்றியிருக்கிறார். தாயார் விழவில்லை. ஆனால் பற்றிய இடத்தில் தோல் காகிதம்போலக் கிழிந்து, ஓர் ஓரமாகச் சுருண்டிருந்தது. "என் கையாலேயே அம்மாவின் தோலை உரித்துவிட்டேனே" என்று மகள் கலங்கினார். நாங்கள் கட்டுப்போட்டு முடித்ததும் அவர் கேட்டார்: "இவ்வளவு பெரிய காயத்துக்கு ஏன் தையல் போடவில்லை?"

பல குடும்பத்தினர் இதே கேள்வியை எங்களிடம் கேட்பதுண்டு. தையல் போடாமல் அனுப்புவது அக்கறையின்மை என்று எண்ணி மனம் வருந்துவோரும் உண்டு. அவர்களுக்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

தோல் ஏன் கிழிகிறது?

நம் தோலில் மேல்தோல், உட்தோல் என இரண்டு முக்கிய அடுக்குகள் உள்ளன. இளமையில் இவை மேடுபள்ளங்களால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு உறுதியாக நிற்கின்றன. வயது ஏற ஏற அந்த மேடுபள்ளங்கள் மட்டமாகின்றன. உட்தோலுக்கு வலிமை தரும் கொலாஜன் இழைகள் குறைகின்றன. அடியில் மெத்தைபோல் இருக்கும் கொழுப்பும் குறைகிறது. அப்போது ஒரு சிறு உராய்வே அடுக்குகளைப் பிரித்துவிடப் போதுமானது. ஆஸ்துமா, மூட்டுவாதம் போன்ற நோய்களுக்காக நீண்ட காலம் ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்வோருக்கு இந்நிலை முன்னதாகவே வரக்கூடும். ஆகவே அந்த மகளிடம் நாங்கள் முதலில் சொன்னது, இது அவருடைய குற்றம் அன்று என்பதையே.

ஏன் தையல் இல்லை?

தையல் என்பது காயத்தின் ஓரங்களை நூலால் இழுத்துச் சேர்ப்பது. அந்த இழுவையைத் தாங்கும் வலிமை தோலுக்கு இருக்க வேண்டும். நைந்த துணியைத் தைத்தால், நூல் துணியை அறுத்துக்கொண்டு வெளியே வருவதைக் கண்டிருப்பீர்கள். மெலிந்த தோலிலும் அதுவே நிகழக்கூடும்; ஒரு காயத்தை மூடப்போய், ஊசி நுழைந்த இடமெல்லாம் புதிய கிழிசல்கள் உண்டாகலாம். இறுக்கிக் கட்டினால் தோலுக்குச் செல்லும் இரத்த ஓட்டமும் குறைந்துவிடும்.

இத்தகைய காயத்துக்குச் சிறந்த மூடி, உரிந்த அந்தத் தோலேதான். ஆகவே அதைக் காப்பாற்றுவதே எங்கள் முதல் வேலை. மெதுவாக அழுத்தி இரத்தத்தை நிறுத்துகிறோம், உப்புநீரால் கழுவுகிறோம். தோல் உலர்ந்து சுருண்டிருந்தால், உப்புநீரில் நனைத்த காஸ் துணியை 5 முதல் 10 நிமிடம் அதன்மேல் வைத்து இளக்குகிறோம். பிறகு ஈரப் பஞ்சால் அல்லது கையுறை அணிந்த விரலால் அதை மெல்ல நகர்த்தி, பழைய இடத்தில் பரப்புகிறோம். எட்டாத இடத்துக்கு அதை இழுப்பதில்லை. அதன்மேல், காயத்தில் ஒட்டிக்கொள்ளாத சிலிக்கோன் கட்டு வைக்கப்படுகிறது.

கட்டின்மேல் ஓர் அம்புக்குறி வரைந்திருப்பதைக் காணலாம். கட்டை எந்தத் திசையில் பிரிக்க வேண்டும் என்பதை அது காட்டுகிறது. எதிர்த்திசையில் பிரித்தால், ஒட்டத் தொடங்கிய தோல் மறுபடியும் உரிந்துவிடும்.

எல்லாக் காயங்களுக்கும் இம்முறை பொருந்தாது. ஆழமான வெட்டுக்காயத்துக்கும் அறுவை சிகிச்சைக் காயத்துக்கும் தையல் தேவைப்படலாம். அப்போது ஓரங்களை ஒட்டி ஒட்டுப்பட்டைகளைப் பதித்து, பட்டையையும் தோலையும் சேர்த்துத் தைக்கும் முறை உண்டு. நூலின் இழுவையைத் தோலுக்குப் பதிலாகப் பட்டை பெருமளவு தாங்கிக்கொள்ளும்.

வீட்டில் தோல் கிழிந்தால்

சுத்தமான துணியால் 10 நிமிடம் மெதுவாக அழுத்திப் பிடியுங்கள். கையையோ காலையோ உயர்த்தி வையுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உட்கொள்பவருக்கு இன்னும் நேரம் ஆகலாம். பிறகு சுத்தமான ஈரத்துணியால் காயத்தைத் தளர்வாக மூடி அழைத்து வாருங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள், பற்பசை எதையும் வைக்க வேண்டாம். அவற்றைக் கழுவி எடுக்கும்போதே தோலும் பெயர்ந்துவிடக்கூடும். பஞ்சையோ சாதாரண பிளாஸ்திரியையோ ஒட்ட வேண்டாம். தொங்கும் தோலைக் கத்தரியால் நறுக்கவே வேண்டாம். டெட்டனஸ் தடுப்பூசி கடைசியாக எப்போது போடப்பட்டது என்பதையும், உட்கொள்ளும் மாத்திரைகளையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கட்டுப்போட்டபின், நாங்கள் குறித்துத் தரும் நாள்வரை அதைப் பிரித்துப் பார்க்க வேண்டாம். ஆனால் காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவினாலும், சீழோ துர்நாற்றமோ தெரிந்தாலும், வலி கூடினாலும், காய்ச்சல் வந்தாலும் காத்திராமல் உடனே வாருங்கள். நீரிழிவு உள்ளவர்களும் காலில் காயம் உள்ளவர்களும் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும்.

மீண்டும் நேராமல் இருக்க

மேற்கு ஆஸ்திரேலியாவின் முதியோர் இல்லங்களில் நடந்து 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், கைகால்களில் நாள்தோறும் இருமுறை ஈரப்பதக் களிம்பு பூசப்பட்டவர்களுக்குத் தோல் கிழிவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. செலவு குறைந்த, வீட்டிலேயே செய்யக்கூடிய காரியம் இது. நறுமணம் சேர்க்காத களிம்பை, தேய்க்காமல், முடி வளரும் திசையில் மெல்லத் தடவுங்கள். குளித்தபின் துவாலையால் துடைக்காமல் ஒற்றி எடுங்கள். முழுக்கைச் சட்டை, நீளமான காலுறை, கூர்முனைகளில் துணி சுற்றிய கட்டில், இரவில் ஒரு சிறு விளக்கு ஆகியவை பெரும் உதவி. பராமரிப்போர் நகங்களை ஒட்ட வெட்டுவதும், மோதிரத்தையும் வளையலையும் கழற்றி வைப்பதும் நல்லது. முட்டை, பருப்பு, பால், மீன் போன்ற புரத உணவு காயம் ஆற உதவும்; சிறுநீரக நோய் உள்ளவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முதியவரின் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் கையை நீட்டுங்கள், அவர் பிடித்துக்கொள்ளட்டும். எழும்போது முதுகிலும் இடுப்பிலும் தாங்குங்கள்.

மூன்றாம் வாரம் அந்தத் தாயாரும் மகளும் மீண்டும் வந்தனர். கட்டை அம்புக்குறியின் வழியே பிரித்தோம். தோல் தன் இடத்தில் ஒட்டியிருந்தது. மெல்லிய கோடு மட்டுமே எஞ்சியிருந்தது. விடைபெற்றுச் சென்றபோது, மகளின் முன்கையைத் தாயார் பற்றிக்கொண்டு நடந்தார்.