கள்ளும் கூத்தும் முதுமையும்
துணுக்காய்ப் பகுதியை முன்வைத்துச் சில சிந்தனைகள்

இரண்டாம் உலக மகாயுத்தத்தின் பின்னர், 1946 முதல் 1964 வரையிலான காலப்பகுதியில், ஐக்கிய அமெரிக்காவிற் பிறந்த பெருந்தொகையினர் இன்று முதியோராகிவிட்டனர். இவர்களை முன்வைத்து அங்கு முதுமை பற்றிய புதியதொரு கருத்தோட்டம் வளர்ந்துள்ளது. மாலையிற் கொக்டெயில் எனப்படும் கலப்பு மது, இளமையிற் கேட்ட இசை, சிறிது ஆட்டம், அளவான உடற்பயிற்சி ஆகியன சேர்ந்த களிப்பே நல்ல முதுமை என்பது அதன் சாரம். இதனை நுகர்வுக் கலாசாரத்தின் மற்றொரு வெளிப்பாடு எனக் கூறித் தள்ளிவிடுதல் எளிது. முற்போக்கு விமர்சகர் பலர் அவ்வாறு செய்வதுண்டு; இக்கட்டுரையாளரும் அதற்கு விலக்கல்லர். எனினும் அக்கருத்தோட்டத்தினுள்ளே நியாயமான கோரிக்கையொன்று மறைந்துள்ளது. உழைத்துக் களைத்த மனிதனுக்குக் களித்திருக்கும் உரிமை உண்டா என்பதே அது. மார்க்ஸின் மருமகன் போல் லபார்க் 1880இல் 'சோம்பியிருக்கும் உரிமை' என்ற நூலில் எழுப்பியதும் ஏறக்குறைய இவ்வினாவேயாகும். அவரும் மனைவி லோராவும் 1911இல் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். முதுமை தமது இன்பங்களை ஒவ்வொன்றாகப் பறிக்குமுன் விடைபெறுவதாக லபார்க் எழுதிவைத்தார். உரிமையைப் பேசியவரே முதுமையில் அவ்வுரிமைக்கு இடமில்லை எனக் கருதியமை சிந்தனைக்குரியது.

இவ்வினாவை முல்லைத்தீவு மாவட்டத்தின் துணுக்காய்ப் பகுதியிலிருந்து எழுப்பும்போது அதன் வடிவம் மாறிவிடுகின்றது.

முதலில் தலைமுறை பற்றியது. இலங்கையிலும் அத்தகைய 'பெருக்கத் தலைமுறை' ஒன்று உண்டு. அதன் தோற்றக் காரணமே வேறு. அமெரிக்காவிற் பிறப்புகள் பெருகின; இங்கு இறப்புகள் குறைந்தன. 1946இல் ஆயிரவருக்கு ஏறத்தாழ 20 ஆகவிருந்த இறப்பு வீதம் 1947இல் 14 அளவிற்கு வீழ்ந்தது. டி.டி.ரி. தெளித்து நுளம்பை ஒழித்தமை இதற்கு முக்கிய காரணங்களுள் ஒன்றாகும். வன்னியைப் பொறுத்தவரை இது சரித்திரத் திருப்பம் எனலாம். தூர்ந்த குளங்களும் காடும் காய்ச்சலுமாக வன்னி கிடந்த நிலையை 1895இல் வெளியான ஜே. பி. லூயிஸின் வன்னி மாவட்டக் கைந்நூலிற் காணலாம். நுளம்பு ஒழிந்தபின் பிறந்து தப்பிய பிள்ளைகளும், குளங்கள் திருத்தப்பட்டபோது காணி தேடி வந்தவர்களும், 1977 வன்செயலின் பின் மலையகத்திலிருந்து ஏதிலிகளாக வந்தவர்களும் சேர்ந்ததே இன்று அறுபதிற்கும் எண்பதிற்கும் இடைப்பட்ட வன்னித் தலைமுறை. 1995–96இல் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்தோருக்குத் துணுக்காயும் மல்லாவியும் இடமளித்தன. 2008இல் அவ்வூர்களே வெறுமையாகின. மெனிக் பாம் முகாம்களிலிருந்து 2009இன் இறுதியில் மீளக்குடியேற்றம் தொடங்கியபோது திரும்பியவர்கள், ஐம்பது வயதிற் காடு வெட்டி மீண்டும் வாழ்வைத் தொடங்கினார்கள்.

அமெரிக்க முதியவரின் மாலைநேரக் களிப்புக்குப் பின்னால் ஓய்வூதியமும் சேமிப்பும் சொந்த வீடும் உள்ளன. வன்னிக் கமக்காரனுக்கு ஓய்வு என்ற சொல்லே அந்நியமானது. விவசாயிகள் ஓய்வூதியச் சட்டம் 1987இலும், முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 2000ஆம் ஆண்டிலும் நிறைவேறின. ஆயினும் நெல் விற்றகாசு கடனுக்குப் போகுமிடத்து முதுமை என்பது உழைப்பின் தொடர்ச்சியாகவே உள்ளது. உற்பத்தியில் ஈடுபடும் வரையிலேயே சமூகம் மனிதனைப் பொருட்படுத்துகின்றது என்பதற்கு முதுமையே சாட்சி எனச் சிமோன் டி பூவா 1970இல் வாதிட்டார். பிரெஞ்சு நகரங்களை நோக்கி எழுதியதாயினும் அது இங்கும் பொருந்துவதே.

இனி மதுவை நோக்குவோம். புறநானூற்றில் (235) அதியமானை இழந்த ஔவையார், கள் சிறிதாயின் தமக்கே தந்தவன், பெரிதாயின் தம்மைப் பாடவைத்துத் தானும் மகிழ்ந்துண்டவன் என அவனை நினைவுகூருகின்றார். அங்கு கள்ளும் பாட்டும் பிரிக்கப்படாதவை; கள் பங்கிடப்படும் பொருள், விற்கப்படும் பண்டமன்று. இதனை இலட்சியமயப்படுத்தல் தவறு. ஈந்தவன் தலைவன், பாடியவர் அவனை அண்டி வாழ்ந்தவர். எனினும் பகிர்வுப் பொருள் பண்டமாக மாறிய வரலாறே எமக்கு முக்கியமானது. பிரித்தானியர் ஆட்சியிற் சாராயக் குத்தகை அரசிறையின் பெரும் ஊற்றுகளுள் ஒன்றாயிற்று. இலங்கை முதலாளி வர்க்கத்தின் ஒரு பகுதி அக்குத்தகையிலேயே மூலதனம் திரட்டியது என்பதைக் குமாரி ஜயவர்த்தன 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். கொக்டெயிலுக்கு முன்னோடியான 'பஞ்ச்' என்ற பானமும் பதினேழாம் நூற்றாண்டிற் கீழைத்தேயத்துச் சாராயத்தோடு எலுமிச்சை, சீனி, நீர், வாசனைப்பொருள் கலந்து ஆங்கிலேயக் கடலோடிகள் அருந்தியதே. 'ஐந்து' என்னும் பொருளுடைய இந்தியச் சொல்லே அப்பெயராயிற்று எனப் பொதுவாகக் கூறப்படுகின்றது. எமது மரத்தின் சாறு பெயர் மாறி, கண்ணாடிக் குவளையில் நாகரிகமாகத் திரும்பி வருகின்றது. மரத்திலேறியவனுக்கு அக்குவளை எட்டுவதில்லை.

கள்ளில் வர்க்கம் மட்டுமன்று, சாதியும் கலந்துள்ளது. யாழ்ப்பாணத்தில் மரத்தடியிற் பிளாவேந்திய கை, சீவியவனைத் தன் வீட்டுப் படியேற விட்டதில்லை. தவறணையிற் தோளுரசிக் குடித்தவர்களுட் பலர் தேநீர்க்கடையிலும் கோயில் வாசலிலும் எதிரெதிராக நின்றனர் என்பதை 1960களின் தீண்டாமை ஒழிப்புப் போராட்டங்கள் வெளிப்படுத்தின. ஆகவே 'பழைய காலத்தில் கள்ளுண்டு கூடிக் களித்தோம்' என்ற ஏக்கக் குரலைக் கேட்கும்போது, அக்கூட்டத்தில் யார் எங்கே இருந்தார் என்று வினவுதல் அவசியமாகும்.

உடல்நலம் பற்றியும் மயக்கமின்றிப் பேசவேண்டும். சுண்ணாம்பிட்ட முட்டியில் இறக்கும் கருப்பணி புளிப்பதில்லை. சுண்ணாம்பில்லா முட்டியில் நொதியங்கள் சாற்றின் சீனியை மதுசாரமாக மாற்றிவிடுகின்றன. கள்ளில் மதுசாரம் ஏறத்தாழ 5 சதவீதம்; சாராயத்தில் அதன் பன்மடங்கு; கசிப்பிலோ என்ன உள்ளது என்பதைக் காய்ச்சியவனும் அறியான். 'அளவோடு அருந்தினால் இதயத்திற்கு நல்லது' என நெடுங்காலம் பேசப்பட்டது. மதுசாரம் புற்றுநோயை உண்டாக்கும் பொருளென 1988இலேயே வகைப்படுத்தப்பட்டது. ஆபத்தற்ற அளவென ஒன்றில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. முதியவரின் உடலில் நீரின் பங்கு குறைவதால் அதே அளவு மது இரத்தத்திற் கூடுதலாகச் செறியும். நீரிழிவுக்கும் குருதியமுக்கத்துக்கும் மருந்து எடுப்பவரை அது மேலும் தாக்கும். இரவில் விழுந்து இடுப்பெலும்பு முறிவது பலருக்குப் படுக்கையின் தொடக்கமாகும். கள்ளைக் கொண்டாடும் நாட்டார் காதலர்கள் இதனைக் கவனிப்பதில்லை. திருவள்ளுவரின் கள்ளுண்ணாமை அதிகாரத்தை மேற்கோள் காட்டும் ஒழுக்கவாதிகளோ, கடன்பட்டவன் மாலையில் ஏன் தவறணையை நாடுகிறான் என்று கேட்பதில்லை.

இசையின் நிலை வேறு. நியூயோர்க்கின் புரொங்ஸ் பகுதியில் 75 வயதைக் கடந்த 469 பேரைச் சராசரி ஐந்தாண்டுகள் அவதானித்த ஆய்வொன்று 2003இல் வெளியாகியது. நடனமாடுதல், இசைக்கருவி மீட்டல், வாசித்தல் ஆகியவற்றில் ஈடுபட்டோரிடையே அறிவுத்தேய்வு நோய் குறைவாகக் காணப்பட்டது. நலமுள்ளவரே ஆடியிருக்கலாமென்பதால் காரணகாரியத்தை இதுகொண்டு நிறுவிவிட முடியாது. ஆயினும் கூத்தை நன்கறிந்தோர்க்கு இம்முடிவு வியப்பளிக்காது. கோவலன் கூத்தின் ஏட்டை மனத்திலிருத்தி, மத்தளத்துக்கு அடியெடுத்து, இளையவரின் பிழையைத் திருத்தி இரவு முழுதும் விழித்திருக்கும் அண்ணாவியாருக்கு நினைவு, மூச்சு, கால், காது ஆகிய அனைத்தும் ஒரே வேளையிற் தொழிற்படுகின்றன. அதைவிடவும் முக்கியமானது, அங்கு அவர் பராமரிக்கப்படுபவரல்லர், வேண்டப்படுபவர். பிசிராந்தையார் நரையின்மைக்குக் கூறிய காரணங்களும் (புறம் 191) மருந்தோ உணவோ அல்ல. மனையும் மக்களும், முறைதவறாத அரசும், ஊரில் வாழும் சான்றோருமே. அப்பட்டியலில் ஏவலிளையரும் உள்ளனர். அவர்கள் எவ்வயதில் நரைத்தார்கள் என்று எவரும் கேட்கவில்லை.

அருவி வெட்டும்போதும் சூடு மிதிக்கும்போதும் பாடப்பட்டவை, காட்டுப்பன்றியின் அழிவைக் கூறும் பண்டிப்பள்ளு போன்றவை, உழைப்போடு பிணைந்த வன்னிப் பாடல்கள். அறுவடை இயந்திரம் பல நாள் வேலையைச் சில மணி நேரத்தில் முடிக்கின்றது. இயந்திரத்தைக் குறைகூறுதல் பயனற்றது. முதுகு வளைந்தவர்களுக்கு அது விடுதலையே. ஆனால் பாட்டு இயங்கிய களம் மறைந்தபின், பாடத்தெரிந்த முதியவருக்கு எஞ்சியது முதியோர் தின மேடையில் ஐந்து நிமிடம். மிச்சப்பட்ட நேரம் அவருக்குச் சேரவில்லை. அது இயந்திரச் சொந்தக்காரனின் வாடகையாயிற்று.

இதுவரை கூறியவை பெரும்பாலும் ஆண்களைப் பற்றியனவே. தவறணையிலும் பழைய கூத்துக் களரியிலும் பெண்ணுக்கு இடமிருக்கவில்லை. சூடு மிதிக்கும் களத்தினுள்ளும் அவள் நுழைந்ததில்லை. தாலாட்டும் ஒப்பாரியுமே அவளது இசை. வன்னியின் முதிய பெண்களிற் பலருக்கு இன்று ஒப்பாரியும் மறுக்கப்பட்டுள்ளது. இறந்தாரென உறுதிப்படாதவருக்கு எவ்வாறு ஒப்பாரி வைப்பது? 2017 மாசியிற் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும், பங்குனியில் முல்லைத்தீவிலும், காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் தெருவோரப் பந்தல்களில் அமர்ந்தனர். தமது முதுமையின் ஆண்டுகளை அவர்கள் அங்கேயே கழித்தனர். அவர்களுட் பலர் விடை கிடைக்குமுன்னரே இறந்துவிட்டனர்.