புதிய கம்ப்யூட்டர் ஓடவில்லையா? பணம் கொடுக்கும் முன் பழுதைக் கண்டறியுங்கள்



கடந்த மாதம் ஒரு தாய் நமது அலுவலகத்துக்கு வந்தார். கல்லூரியில் முதலாண்டு படிக்கும் மகளுக்காக, நாம் கொடுத்த வட்டியில்லாக் கடனோடு கையிருப்பையும் சேர்த்து உதிரிபாகங்கள் வாங்கி, உறவுக்காரத் தம்பி ஒருவரை வைத்து வீட்டிலேயே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்திருந்தார்கள். இரண்டாவது வாரம், ஒரு மாலையில் வீட்டு விளக்குகள் திடீரென அதிக வெளிச்சமாக எரிந்தன, கம்ப்யூட்டர் அணைந்தது. அதன் பிறகு எந்த அசைவும் இல்லை. ஒரு கடையில் பெட்டியைத் திறக்காமலேயே, "போர்டும் பிராசசரும் போய்விட்டன, 18 ஆயிரம் ஆகும்" என்று சொல்லிவிட்டார்களாம். முதல் கடன் அடைபடாத நிலையில் இரண்டாவது மனுவோடு வந்திருந்தார்.

மனுவைப் பரிசீலிக்கும் முன் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னோம். நாங்கள் பார்த்த முறை மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். கேபினெட்டின் பக்க மூடியைத் திறந்து கருகிய வாடை, கறுத்த இடம், உப்பிய கெப்பாசிட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு எளிய காரணங்களை விலக்குங்கள். அதே சாக்கெட்டில் ஒரு விளக்கு எரிகிறதா? எஸ்.எம்.பி.எஸ். பின்பக்கச் சுவிட்ச் ஆன் நிலையில் உள்ளதா? போர்டுக்குச் செல்லும் 24 பின் கேபிளும், பிராசசருக்கான 8 பின் கேபிளும் முழுமையாக அழுந்தியுள்ளனவா? புதிதாகப் பூட்டிய கம்ப்யூட்டரில் இவையே பெரும்பாலும் குற்றவாளிகள். போர்டுக்கு அடியில் தேவையற்ற இடத்தில் ஒரு பித்தளைத் தாங்கி இருந்தாலும் ஷார்ட் ஆகும். அப்போது விசிறி ஒரு நொடி சுற்றி நின்றுவிடும்.

அடுத்தது எஸ்.எம்.பி.எஸ். சோதனை. பிளக்கைக் கழற்றிய நிலையில் அதன் எல்லாக் கேபிள்களையும் போர்டிலிருந்தும் டிஸ்க்கிலிருந்தும் பிரியுங்கள். 24 பின் கனெக்டரில் பச்சை வயரையும் பக்கத்திலுள்ள கறுப்பு வயரையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்து, அதன் பிறகே பிளக் செருகி ஆன் செய்யுங்கள். விசிறி சுற்றினால் மட்டும் போதாது. மல்டிமீட்டரில் அளக்க வேண்டும். கறுப்பு வயரை ஆதாரமாக வைத்து மஞ்சளில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 வோல்ட் காட்ட வேண்டும். 5 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். அதாவது 12 என்பது 11.4க்கும் 12.6க்கும் இடையில். ஊதா வயரில் கிளிப் இல்லாமலேயே 5 வோல்ட் வர வேண்டும். எல்லா வயரும் கறுப்பாக உள்ள மாடலில் இதை நீங்களாக முயலாதீர்கள். விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் யாரும் திறக்கவே கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அதனுள் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.

அந்தத் தாய் கொண்டுவந்த பெட்டியில் ஊதா வயரில் எதுவும் வரவில்லை. எஸ்.எம்.பி.எஸ். இறந்திருந்தது. ஆனால் போர்டும் போனதா என்பது தனிக் கேள்வி. போர்டைக் கழற்றி அட்டை மீது வைத்து, பிராசசர், அதன் விசிறி, ஒரே ஒரு ராம் மட்டும் பொருத்தி, அலுவலகத்தில் இருந்த நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸை இணைத்தோம். திரையில் எழுத்து வந்தது. பிறகு டிஸ்க்கையும் மற்றவற்றையும் ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். எல்லாம் நலம். இந்த வரிசை முக்கியம். கெட்ட எஸ்.எம்.பி.எஸ்.ஸில் புதிய போர்டைப் பூட்டினால் அதுவும் கருகக்கூடும். அதேபோல், வேறு எஸ்.எம்.பி.எஸ்.ஸின் கழற்றி மாட்டும் கேபிளை இதில் செருகாதீர்கள். முனை பொருந்தினாலும் உள்ளிணைப்பு மாறியிருக்கும், டிஸ்க் எரிந்துவிடும்.

காரணத்தையும் தேடினோம். அன்று பக்கத்து வீட்டில் ஃபிரிட்ஜும் பழுதாகியிருந்தது. நமக்கு வரும் 230 வோல்ட் ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடைப்பட்டது. இரு ஃபேஸ்களுக்கு இடையே சுமார் 400 வோல்ட். நியூட்ரல் கம்பி அறுந்தால் சில வீடுகளில் மின்னழுத்தம் 300ஐயும் தாண்டிவிடும். அங்கு நடந்தது அதுவே. போதாக்குறைக்கு அந்த வீட்டுச் சாக்கெட்டில் எர்த் இணைப்பும் இல்லை. கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்கிறது என்று அந்த மகள் முன்பே சொல்லியிருக்கிறாள், யாரும் பொருட்படுத்தவில்லை. எர்த் இல்லாத வீட்டில் கேபினெட் அப்படித்தான் உணர்த்தும். உடனே எலக்ட்ரீஷியனை அழைத்துச் சரிசெய்யுங்கள்.

உதிரிபாகங்களாக வாங்கும்போது ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாரண்டி உண்டு. பில்லையும் பெட்டிகளையும் பத்திரப்படுத்துங்கள். மின்னழுத்தம் ஏறி எரிந்தவற்றுக்குப் பெரும்பாலும் வாரண்டி கிடைப்பதில்லை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

எர்த் போட்ட பின், 2,900 ரூபாயில் புதிய எஸ்.எம்.பி.எஸ். வாங்கிப் பொருத்தினார்கள். அந்தத் தாய் தமது இரண்டாவது மனுவைத் தாமே திரும்பப் பெற்றுக்கொண்டார். இதுபோன்ற பழுது உங்கள் வீட்டில் நேர்ந்தால், புதிதாக எதையும் வாங்கும் முன் பெட்டியை நமது அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். பார்த்துச் சொல்வதற்குக் கட்டணம் இல்லை.