வீடு திரும்பிய இருதய நோயாளிக்குக் குறுஞ்செய்தியின் துணை

மாரடைப்பு கண்டு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட ஒருவர் உயிர் பிழைத்து வீடு திரும்பும் நாள் குடும்பத்தாருக்கு மகிழ்ச்சி தரும் நாளாகும். ஆனால் சிகிச்சையின் கடினமான பகுதி அன்றுதான் தொடங்குகிறது என்று கூறினால் அது மிகையாகாது. ஆஸ்பத்திரியில் வேளை தவறாமல் மருந்து கொடுக்கத் தாதி இருந்தார். உணவு அளவறிந்து வழங்கப்பட்டது. புகை பிடிக்க வழியில்லை. வீட்டிலோ இவை யாவும் நோயாளியின் பொறுப்பாகி விடுகின்றன.

இருதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் நாளத்தின் உட்சுவரில் கொழுப்பு படிந்து திட்டாகிறது. அத்திட்டு வெடித்து, அதன் மேல் இரத்தம் உறைந்து, நாளம் அடைபடுவதாலேயே பெரும்பாலான மாரடைப்புகள் உண்டாகின்றன. மருத்துவர்கள் அடைப்பை நீக்கி, ஸ்டென்ட் எனப்படும் சிறு வலைக்குழாயைப் பொருத்தி நாளத்தைத் திறந்து வைக்கின்றனர். இதனால் ஓர் அடைப்பு நீங்கியதேயன்றி, கொழுப்பு படியும் இயல்பு நீங்கிவிடவில்லை. ஆகவேதான் இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினும், அதனுடன் பொதுவாக ஓராண்டு வரை வேறொரு மருந்தும், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும் கொடுக்கப்படுகின்றன. ‘வலிதான் நின்றுவிட்டதே, இனி மருந்து எதற்கு?’ என்று நோயாளி இவற்றைத் தாமாகவே நிறுத்தினால், வலைக்குழாயினுள் இரத்தம் உறைந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். உடல் நலமாக இருப்பதாகத் தோன்றும் மாதங்களே கவனம் தளரும் மாதங்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

இம்மாதங்களில் மருத்துவர் ஒவ்வொரு நோயாளியின் வீட்டிற்கும் செல்வது இயலாத காரியம். ஆயினும் கைபேசி செல்லும். இதனை முறையாகச் சோதித்தவர்களுள் ஆஸ்திரேலியாவின் ஸிட்னி நகரைச் சேர்ந்த டாக்டர் கிளாரா சௌ குழுவினர் குறிப்பிடத்தக்கவர்கள். இருதய நாள நோய் உடைய 710 பேரை அவர்கள் சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் இரு பிரிவாகப் பிரித்தனர். இரு பிரிவினருக்கும் வழக்கமான சிகிச்சை அளிக்கப்பட்டது. ஒரு பிரிவினருக்கு மட்டும், வாரத்திற்கு 4 குறுஞ்செய்திகள் வீதம் 6 மாதங்கள் கூடுதலாக அனுப்பப்பட்டன. இதன் முடிவுகள் 2015-ஆம் ஆண்டில் வெளியாயின.

ஆறு மாத முடிவில், செய்தி பெற்றவர்களின் மேல் இரத்த அழுத்தம் சராசரி 128 ஆகவும், மற்றவர்களுக்கு 136 ஆகவும் இருந்தது. தீய கொழுப்பின் அளவு முறையே 79, 84 மில்லிகிராம். தொடக்கத்தில் ஏறத்தாழப் பாதிப் பேர் புகை பிடிப்பவர்கள். முடிவில் செய்தி பெற்றோரில் நூற்றுக்கு 26 பேரும், பெறாதோரில் 43 பேரும் புகைத்து வந்தனர். அச்செய்திகள் ஒவ்வொருவருக்கும் ஏற்றவாறு பொறுக்கி அனுப்பப்பட்டவை என்பது கவனிக்கத்தக்கது. புகைக்காதவருக்குப் புகை பற்றிய அறிவுரை செல்லவில்லை. மொழி எளியது, அதட்டும் தொனி இல்லை, பதில் அனுப்ப வேண்டிய கட்டாயமும் இல்லை.

எனினும் குறுஞ்செய்தி சர்வரோக நிவாரணி அன்று. ஆஸ்திரேலியாவின் 18 ஆஸ்பத்திரிகளைச் சேர்ந்த 1,424 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட மற்றொரு சோதனையில், ஓராண்டுக்குப் பின்னும் மருந்தை ஒழுங்காக உட்கொள்வதில் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. நம் நாட்டில், பக்கவாதம் கண்டவர்களுக்காக 31 மையங்களில் 4,298 பேரிடம் ஒரு சோதனை நடைபெற்றது. 12 மொழிகளில் குறுஞ்செய்திகளும் காணொளிகளும் ஒரு கைந்நூலும் வழங்கப்பட்டன. மருந்து உட்கொள்ளும் ஒழுங்கு உயர்ந்தது. புகையையும் மதுவையும் விட்டோர் தொகையும் மிகுந்தது. ஆனால் மீண்டும் பக்கவாதம், மாரடைப்பு அல்லது மரணம் நேர்வது ஓராண்டிற்குள் குறையவில்லை. பழக்கத்தை மாற்றுவது ஒன்று. அதன் பலன் உயிர்க்காப்பாக வெளிப்படுவது வேறொன்று. பின்னதற்குக் காலமும், மருந்து தடையின்றிக் கிடைப்பதும், மருத்துவரின் மேற்பார்வையும் தேவை.

நம் மொழிகளில் செய்தி எழுதுவோர் அறியவேண்டிய ஒரு விவரமும் உண்டு. ரோமன் எழுத்தில் ஒரு குறுஞ்செய்தி 160 எழுத்துகளைக் கொள்ளும். தமிழ், இந்தி முதலிய எழுத்துகளிலோ 70 மட்டுமே. கால், கொம்பு, புள்ளி போன்ற குறிகளும் தனித்தனியே எண்ணப்படும். ஆகவே ஒரு செய்தியில் ஒரு கருத்தே இருத்தல் நலம். ‘இன்றைய மாத்திரை போட்டாயிற்றா?’ என்பது போதும். நோயின் பெயரைச் செய்தியில் எழுதாதிருப்பதும் முறையாகும். கைபேசி பல வீடுகளில் பலர் கையிலும் புழங்குவது.

கைபேசி மகனிடம் இருக்கலாம். நோயாளியான தாய்க்குப் படிக்கத் தெரியாதிருக்கலாம். இங்குதான் களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்க தொண்டு இருக்கிறது. நோயாளியின் வீட்டிற்குச் செல்லும் பணியாளர், செய்தி யார் கைக்கு வருகிறது, யார் படித்துச் சொல்கிறார் என்பதைக் கேட்டறிய வேண்டும். மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே மறுபடி வாங்கச் சொல்ல வேண்டும். எந்த மருந்தையும் மருத்துவரைக் கேளாமல் நிறுத்தலாகாது என்பதை வலியுறுத்த வேண்டும். ஆசிரியரோ, பாட்டனாருக்கு வரும் செய்தியை உரக்கப் படித்துக் காட்டும் வழக்கத்தை மாணவரிடம் உண்டாக்கலாம்.

நெஞ்சில் மீண்டும் வலியோ, மூச்சுத் திணறலோ, மிகுந்த வியர்வையோ தோன்றினால் செய்தி அனுப்பிக் காத்திருத்தல் கூடாது. 108 அல்லது 112 என்ற எண்ணை உடனே அழைத்து ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். குறுஞ்செய்தி நினைவூட்டும், ஊக்கமும் அளிக்கும். அது சுட்டிக்காட்டும் மாத்திரை நோயாளியின் கைக்கு வந்து சேர்ந்ததா என்று பார்ப்பது மனிதரின் கடமையாகும்.