அரசியல் பேசாதீர்கள் பலகையும் காணாமல் போன பக்கமும்

குஜிலியம்பாறையில் நான் சிறுவனாக முடி வெட்டிக்கொள்ளப் போகும் கடையில், கண்ணாடிக்கு மேலே ஒரு தகரப் பலகை தொங்கும். 'இங்கு அரசியல் பேசாதீர்கள்' என்று சிவப்பு எழுத்தில் இருக்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகிய நாளில் நான் முழுதாகப் படித்த முதல் வாக்கியங்களில் அதுவும் ஒன்று. அந்தப் பலகைக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டுதான் ஊர் முழுக்க அரசியல் பேசியது. கலைஞரைக் கிண்டல் செய்வார்கள், எம்.ஜி.ஆரைக் கிண்டல் செய்வார்கள், உள்ளூர் ஒன்றியக் கவுன்சிலர் வேட்டி கட்டும் அழகைக்கூட விடமாட்டார்கள். கடைக்காரர் கத்திரியை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருப்பார். பேச்சு முற்றி யாராவது எதிராளியின் சாதியையோ வீட்டுப் பெண்களையோ இழுத்தால் மட்டும், கையிலிருக்கும் சீப்பால் பலகையில் இரண்டு தட்டுத் தட்டுவார். பேச்சு அதோடு நின்றுவிடும். தலைவர்களைக் கிண்டல் செய்ததற்காக அவர் ஒருநாளும் பலகையைத் தட்டியதில்லை.

எதைப் பேச விடலாம், எதை நிறுத்த வேண்டும் என்று அவருக்கு யாரும் விதிமுறை எழுதிக் கொடுக்கவில்லை. ஊரைத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

அந்தக் கடை இன்றும் இருக்கிறது. அவர் மகன் நடத்துகிறார். பலகை இல்லை. காத்திருப்பவர்கள் குனிந்த தலை நிமிராமல் போன் பார்க்கிறார்கள். அரசியல் கேலி எல்லாம் அந்தக் கையகலத் திரைக்குள் போய்விட்டது. அதை நிறுத்துகிறவர்கள் யார், எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அங்கிருக்கும் ஒருவருக்கும் தெரியாது.

சுவர் பேசிய காலம்

எங்கள் திண்டுக்கல் சீமைக்குத் தேர்தல் சுவர் புதிதல்ல. 1973 மே மாதம் நடந்த திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தலில்தான், கட்சி தொடங்கிய ஏழே மாதத்தில் எம்.ஜி.ஆரின் வேட்பாளர் மாயத்தேவர் இரட்டை இலையில் நின்று ஜெயித்தார். அந்தத் தேர்தலைப் பற்றி எங்கள் அப்பா பேசும்போதெல்லாம், சுவரில் எதிரும் புதிருமாக எழுதிய வசனங்களைத்தான் முதலில் சொல்வார்.

நான் பார்த்தது அதற்குப் பிந்திய தேர்தல்களை. கரூர் ரோட்டை ஒட்டிய நீளமான சுவர்களில் முதலில் சுண்ணாம்பு அடிப்பார்கள். ஒரு மூலையில் கட்சியின் பெயரும் வருடமும் எழுதிச் சுவரைப் பிடித்து வைப்பார்கள். பிறகு காவிக்கட்டியும் நீலப்பொடியும் பசை கலந்து, சின்னம் வரைவார் ஓவியர். சின்னத்துக்குப் பக்கத்தில் எதிர்க்கட்சியைக் குத்தும் நாலு வரி இருக்கும். மறுநாள் எதிர்ச்சுவரில் அதே எதுகையில் பதில் வந்துவிடும். இரண்டையும் எழுதியவர் பல சமயம் ஒரே ஓவியர்தான். கூலி கொடுத்த கட்சிதான் வேறு.

ஒருமுறை ஒரு சுவரில் சாணியைக் கரைத்து ஊற்றிவிட்டார்கள். ஊற்றியது யார் என்று காலை பத்து மணிக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. டீக்கடையில் பெரியவர் ஒருவர் அவரைக் கூப்பிட்டு, "பதிலு எழுதத் தெரியலைன்னா பேசாம இருக்கணும்ப்பா, சாணியவா ஊத்துறது?" என்று கேட்டார். ஊற்றியவரே குடம் தூக்கி வந்து கழுவிவிட்டுப் போனார். எழுதியவருக்கும் முகம் இருந்தது, அழித்தவருக்கும் முகம் இருந்தது. வழக்கு டீக்கடையிலேயே தீர்ந்தது.

அரசாங்கம் கோபப்பட்டபோது

பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. நையாண்டியை ஒடுக்கும் கை அன்றும் பலமாகவே இருந்தது. பாரதியார் 1906இல் 'இந்தியா' பத்திரிகையில் கேலிச்சித்திரங்கள் போட ஆரம்பித்து, இரண்டே ஆண்டில் வெள்ளை அரசின் பிடிக்குத் தப்பிப் புதுச்சேரி போக வேண்டியிருந்தது. சுதந்திரம் வந்த பிறகும் எம்.ஆர்.ராதாவின் நாடகங்களுக்குக் கடிவாளம் போட 1954இல் நாடகச் சட்டம் வந்தது.

எங்கள் தலைமுறைக்கு நன்றாக நினைவிருப்பது 1987. ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக். மேடையில் இருக்கும் இருவரில் யார் எம்.எல்.ஏ., யார் மந்திரி என்று ஒருவர் கேட்பார். ஜேப்படிக்காரர் மாதிரி இருப்பவர் ஒருவர், முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி இருப்பவர் இன்னொருவர் என்று பதில் வரும். சட்டமன்றம் கொதித்தது. சபாநாயகர் பி.எச்.பாண்டியன். ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதம் கடுங்காவல் என்று அவையே தீர்மானித்துச் சிறைக்கு அனுப்பியது. நாடெங்கும் எதிர்ப்பு கிளம்ப, சில நாளிலேயே அவரை விட்டுவிட்டார்கள். அவர் அதோடு சும்மா இருக்கவில்லை. நீதிமன்றம் போனார். 1994இல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு ஆயிரம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அந்த ஆயிரம் ரூபாயை அவர் சட்டம் போட்டு மாட்டி வைத்தார்.

அநியாயம் பகிரங்கமாக நடந்தது. தீர்மானம் போட்டது யார், சிறைக்கு அனுப்பியது யார் என்று நாட்டுக்கே தெரிந்தது. எதிர்த்து வழக்குப் போட ஒரு பெயர் இருந்தது. அந்த ஜோக்கும் அழியவில்லை. எங்கள் ஊர் நூலகத்தில் அந்த இதழ் அட்டை கிழியும்வரை கைமாறியது.

கைக்குள் வந்த சுவர்

2010க்குப் பிறகு சுவர் கைக்குள் வந்தது. வடிவேலுவின் முகபாவம் ஒன்று கிடைத்தால் போதும், பத்தாவது படிக்கும் பையன்கூட பட்ஜெட்டுக்குக் கருத்துப்படம் போட்டான். 2019 மே மாதக் கடைசியில், மத்தியில் புதிய அரசு பதவியேற்கும் நேரத்தில், 'பிரண்ட்ஸ்' படத்தில் வடிவேலு ஏற்ற நேசமணி பாத்திரத்துக்காக இணையத்தில் உலகமே பிரார்த்தித்தது. தமிழனின் நகைச்சுவை எத்தனை வேகமாகப் பரவும் என்று அன்று எல்லோரும் பார்த்தார்கள்.

கூடவே வழக்குகளும் வந்தன. 2012இல் அன்றைய மத்திய அமைச்சர் ஒருவரின் மகனைப் பற்றி ட்விட்டரில் ஒரு வரி எழுதியதற்காகப் புதுச்சேரிக்காரர் ஒருவர் கைதானார். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, மூன்று ஆண்டு வரை சிறைக்கு வழி வைத்திருந்தது. 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆனாலும் அதே ஆண்டு அக்டோபரில், மதுக்கடைகளை எதிர்த்துப் பாடிய பாடகர் கோவன் தேசத்துரோகப் பிரிவில் கைது செய்யப்பட்டார். 2017 நவம்பரில், நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு குடும்பம் தீக்குளித்த கொடுமையை வரைந்து முகநூலில் போட்ட கார்ட்டூனிஸ்ட் பாலா கைதாகி, மறுநாள் ஜாமீனில் வந்தார்.

இதுவரைகூட வீட்டுக் கதவைத் தட்ட ஒரு காவலர் வர வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு கதவைத் தட்ட வேண்டிய தேவையே இல்லாமல் போனது.

2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், அரசோ நீதிமன்றமோ ஆணையிட்டால் 36 மணி நேரத்துக்குள் பதிவை எடுத்துவிட வேண்டும் என்று தளங்களுக்குச் சொல்லின. எடுக்காவிட்டால் சட்டப் பாதுகாப்பு போய்விடும். வீண் வம்பு எதற்கு என்று நினைக்கும் எந்த நிறுவனமும் சந்தேகம் வந்தால் எடுத்துவிடத்தான் பார்க்கும். பிறகு 2024இல் 'சஹ்யோக்' என்ற இணையவாசல் வந்தது. அரசின் பல துறைகளும் தளங்களுக்கு நேரே நீக்க உத்தரவு அனுப்ப அது வழி செய்தது. அதை எதிர்த்து எக்ஸ் நிறுவனம் போட்ட வழக்கைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது.

விகடனுக்கே மறுபடி வந்தது சோதனை. 2025 பிப்ரவரியில் இந்தியர்கள் கைவிலங்கோடு அமெரிக்காவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார்கள். பிரதமர் மோடி விலங்கோடு டிரம்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல விகடன் பிளஸ் இணைய இதழ் ஒரு கார்ட்டூன் போட்டது. பிப்ரவரி 15 மாலை வாசகர்கள் விகடன் தளத்துக்குள் போக முடியவில்லை. ஒரு படத்துக்காக, அந்தத் தளத்தில் இருந்த சமையல் குறிப்பு முதல் சிறுகதை வரை அத்தனையும் மறைந்தது. முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றது நிறுவனம். மார்ச் 6 அன்று, படத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் தளத்தைத் திறந்துவிட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. 1987இல் ஆசிரியர் சிறைக்குப் போனார், ஜோக் வெளியே இருந்தது. 2025இல் யாரும் சிறைக்குப் போகவில்லை, கார்ட்டூன்தான் உள்ளே போனது.

மாப்பிள்ளையின் பக்கம்

விகடனுக்கு வக்கீல் உண்டு. என் அக்கா மகனுக்கு?

அவன் மில் வேலை முடிந்து வந்து, ராத்திரியில் ஒரு மீம்ஸ் பக்கம் நடத்திக்கொண்டிருந்தான். நாலாயிரம் பேர் பின்தொடர்ந்தார்கள், பெரும்பாலும் வேடசந்தூர் வட்டாரத்து ஆட்கள். வானம் பார்த்த பூமி எங்களுடையது. கோடையில் குடிதண்ணீர்தான் எங்கள் அரசியல். கிணற்றைக் காணவில்லை என்று வடிவேலு போலீசில் புகார் கொடுக்கும் காட்சியை எடுத்து, அவன் கீழே எழுதினான்: "குழாய் இருக்கு, லைனை எவன் வெட்டுனான்?"

மூன்றாம் நாள் காலை பக்கம் இல்லை. வன்முறையைத் தூண்டுவதாக ஆங்கிலத்தில் ஒரு வரி வந்திருந்தது. நானும் அவனும் அந்தப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். "இதுல வன்முறை எங்க மாமா இருக்கு?" என்றான். எனக்குத் தெரிந்து அதில் இருந்தது 'வெட்டுனான்' என்ற ஒரு சொல்தான். வாய்க்கால் வெட்டுகிற, வரப்பு வெட்டுகிற, முடி வெட்டுகிற ஊரில் பிறந்தவர் ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்திருந்தால் சிரித்துவிட்டு நகர்ந்திருப்பார். "நாலு பேரு சேந்து ரிப்போர்ட் அடிச்சிருப்பானுங்க" என்றான் அவன் நண்பன். அதுவாகவும் இருக்கலாம். மேல்முறையீட்டுப் பொத்தானை அழுத்தினான். பதினோரு நாள் காலையில் எழுந்ததும் போனைப் பார்த்தான். பதில் வரவில்லை. அதற்குப் பிறகு அவன் தண்ணீரைப் பற்றி எதுவும் போடவில்லை. "எதுக்கு மாமா வம்பு" என்கிறான். ஒரு பக்கம் போனதைவிட, இந்தச் சொல்தான் எனக்கு வலிக்கிறது.

இது குஜிலியம்பாறைக்கு மட்டும் வந்த வினை இல்லை. முகநூல் முடிவுகளை மறுபரிசீலனை செய்யும் மேற்பார்வைக் குழுவிடம் 2021இல் ஒரு வழக்கு வந்தது. இரண்டு பொத்தானில் எதை அழுத்துவது என்று வேர்த்து வழிகிறானே ஒரு கார்ட்டூன் ஆள், அவன் முகத்தில் துருக்கிக் கொடியை வைத்து, ஆர்மீனியர் இனப்படுகொலை பற்றிய துருக்கி அரசின் முரண்பாட்டை ஒருவர் கேலி செய்திருந்தார். வெறுப்புப் பேச்சு என்று முகநூல் எடுத்துவிட்டது. குழு அதைத் திரும்பப் போடச் சொன்னது. நையாண்டியை நையாண்டியாகப் பார்க்கத் தனி நடைமுறை வேண்டும், உள்ளூர்ச் சூழல் தெரிந்தவர்களைக் கேட்க வேண்டும் என்றும் சொன்னது. எங்கள் முடி வெட்டும் கடைக்காரருக்கு இருந்த தகுதியைத்தான் அந்தக் குழு கேட்டிருக்கிறது.

சீப்புத் தட்ட வேண்டிய இடம்

அப்படியானால் எதையும் எடுக்கவே கூடாதா? அப்படிச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் வந்தபின் எங்கள் வட்டாரத்தில் பல பெண்கள் பதவிக்கு வந்தார்கள். அதில் ஒருவரின் முகத்தை வெட்டி ஒட்டி ஒரு படம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. அனுப்பியவருக்குப் பெயர் இல்லை, பூனைப் படம்தான் இருந்தது. அந்தப் பெண் இரண்டு கிராம சபைக் கூட்டங்களுக்கு வரவில்லை. அந்தப் படத்தை யாரும் 36 மணி நேரத்தில் எடுக்கவில்லை. சுவரில் அப்படி எழுதியிருந்தால் பொழுது சாய்வதற்குள் அழித்திருப்பார்கள்.

கூலிக்கு மாரடிக்கும் கணக்குகளும் உண்டு. 2019 ஏப்ரலில் முகநூல், காங்கிரஸ் தகவல் தொழில்நுட்பப் பிரிவோடு தொடர்புடையவர்கள் நடத்திய 687 பக்கங்களையும் கணக்குகளையும், 'சில்வர் டச்' என்ற நிறுவனத்தோடு தொடர்புடைய பக்கம், குழு, கணக்குகள் என 15ஐயும் எடுத்தது. எழுதியவற்றுக்காக அல்ல, யார் நடத்துகிறார்கள் என்பதை மறைத்துக் கூட்டாக இயங்கியதற்காக என்று காரணம் சொன்னது. அந்தக் காரணம் எனக்கு நியாயமாகப் படுகிறது. எக்ஸ் தளமும் 2025இல், பிரமுகர் பெயரில் கேலிக் கணக்கு நடத்துபவர்கள் பெயரின் தொடக்கத்திலேயே அது போலி, பகடி என்று தெரியும்படி எழுத வேண்டும் என்றது. நாடகத்தில் வேஷம் கட்டுகிறவர், தான் வேஷம் கட்டியிருப்பதைச் சபைக்கு மறைப்பதில்லை. அதுபோலத்தான் இதுவும்.

பதவியில் இருப்பவரைக் கேலி செய்வது ஒன்று, பதவிக்கு வந்துவிட்டாளே என்று ஒரு பெண்ணைக் கூசவைப்பது வேறு. இந்த வித்தியாசத்தைச் சொல் எண்ணிப் பார்க்கும் எந்திரம் அறியாது. தமிழ் தெரிந்த, எங்கள் பேச்சு தெரிந்த மனிதர்கள் அந்த இடத்தில் போதுமான அளவு உட்கார வேண்டும். 2022இல் திருத்திய விதிகள், தளங்கள் தங்கள் விதிமுறைகளைத் தமிழ் உள்ளிட்ட எட்டாவது அட்டவணை மொழிகளிலும் தர வேண்டும் என்கின்றன. பெரிய தளங்கள் தாமாக ஒன்றை நீக்கினால் காரணம் சொல்ல வேண்டும், மறுத்துப் பேச வாய்ப்புத் தர வேண்டும் என்று 2021 விதிகளிலேயே இருக்கிறது. அந்தக் காரணம் தமிழில் வரட்டும். எந்த வரி, எந்தச் சொல் என்று சுட்டிக்காட்டட்டும். அரசு சொல்லி எடுத்தார்களா, தாமாக எடுத்தார்களா என்பதும் தெரியட்டும். தளம் கைவிட்டால் போக, அரசு அமைத்த மேல்முறையீட்டுக் குழுக்கள் 2023 முதல் இருக்கின்றன. அங்கே இணையத்திலேயே முறையிடலாம் என்பதை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எனக்கே இந்த ஆண்டுதான் தெரியும்.

போன மாதம் முடி வெட்டப் போனபோது அந்தப் பழைய பலகையைப் பற்றிக் கேட்டேன். "பின்னாடி கெடக்குங்கண்ணே" என்று எடுத்துக் காட்டினார் மகன். சிவப்பு எழுத்து மங்கியிருந்தது. கீழ் ஓரத்தில், சீப்பு பட்டுப் பட்டு வண்ணம் உதிர்ந்து தகரம் தெரிந்தது. ஒரே இடத்தில், கையகலம்தான். முப்பது வருஷத்தில் அவர் தட்டியது அவ்வளவுதான்.