சொல் முடியட்டும், எதிரொலி வரட்டும்

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31 அன்று திருத்தணி முருகன் கோயிலில் திருப்புகழ்த் திருப்படித் திருவிழா நடக்கிறது. புத்தாண்டு நாளில் வெள்ளைக்கார அதிகாரிகளைப் போய்ப் பார்த்து வணங்கி நின்ற வழக்கத்துக்கு மாற்றாக வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்த விழா இது. மலையேறும் 365 படிகளும் ஆண்டின் நாட்களாகக் கொள்ளப்படுகின்றன. பஜனைக் குழுக்கள் படிக்கு ஒரு திருப்புகழ் பாடிக்கொண்டே மேலே போகின்றன. அங்கே பாட்டைத் தூக்கிச் செல்வது சொல்தான்; தாளமும் ராகமும் சொல்லுக்குத் துணை. அதே முருகன் பாட்டு 85 கிலோமீட்டர் தள்ளிச் சென்னையின் ஏதோ ஒரு ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் போய், மிக்ஸிங் முடிந்து, அடிவாரக் கடைவீதியின் ஸ்பீக்கர் வழியாகத் திரும்பி வரும்போது பல சமயம் சொல் தேய்ந்து போயிருக்கிறது. பாடியவர் மேல் பிழையில்லை. ஸ்டீரியோ டிலே, கோரஸ், ஃபிளேஞ்சர் போன்ற எஃபெக்ட்களைக் குரலின் மேலேயே பூசிவிடுவதுதான் காரணம். இவை வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பக்திப் பாட்டில் இவை சொல்லுக்குப் பின்னாலும் பக்கத்திலும் நிற்க வேண்டும், சொல்லின் மேல் ஏறக் கூடாது. ஒற்றை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுத் திருப்தியான பிறகே மிக்ஸிங் முடிந்ததாகக் கொள்ள வேண்டும் என்கிறேன்.

தனித்தனியாகப் பதிவான குரலையும் கருவிகளையும், எது எவ்வளவு உரக்க, எந்தத் திசையில், எவ்வளவு தொலைவில் என்று முடிவு செய்து ஒன்றாகச் சேர்ப்பதே மிக்ஸிங். இதில் திசை என்ற சங்கதி நம் இரண்டு காதுகளால் வருவது. வலப்பக்கம் எழும் ஒலி இடது காதை அடைய, மிஞ்சிப் போனால் ஒரு மில்லி நொடியில் மூன்றில் இரண்டு பங்கு கூடுதலாகப் பிடிக்கும். அந்த நூலிழைத் தாமதத்தையும் ஒலியளவின் வேறுபாட்டையும் வைத்தே மூளை ஒலி வரும் பக்கத்தைக் கணிக்கிறது. இங்கிலாந்தின் ஆலன் புளும்லைன் 1931இல் ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கோரினார். தமிழில் 1978இல் வந்த ‘ப்ரியா’ படத்துக்கு இளையராஜா இசையமைத்த பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவாகி, வலம் இடம் என்ற விரிவை நம் காதுகளுக்குப் பழக்கின. இதற்கிடையில் 1949இல் ஜெர்மனியின் ஹெல்முட் ஹாஸ் ஒன்றை அளந்து காட்டியிருந்தார். ஒரே ஒலி இரண்டு இடங்களிலிருந்து ஏறத்தாழ 30 மில்லி நொடிக்குள் அடுத்தடுத்து வந்தால் காது அதை இரண்டாகக் கேட்பதில்லை. ஒன்றாகவே கேட்டு, முதலில் வந்த திசையிலேயே ஒலி இருப்பதாக எண்ணிக்கொள்கிறது. தாமதம் அதற்கு மேல் நீண்டால்தான் எதிரொலி தனியாகப் பிரிகிறது. மிக்ஸிங் செய்பவர் இதைத் தந்திரமாகப் பயன்படுத்துகிறார். குரலை இடப்பக்கம் அப்படியே வைத்து, அதன் நகலை 15 மில்லி நொடி தாமதித்து வலப்பக்கம் வைப்பார். இயர்போனில் கேட்டால் ஒற்றைக் குரல் தலையின் இரு புறமும் அகன்று நிற்கும். ஸ்டீரியோ டிலே என்ற ஒரு பொத்தானில் கிடைக்கும் இந்த அகலம் மயக்கக்கூடியது.

அந்த மயக்கம் கடைவீதியில் கலைகிறது. பூக்கடையின் சின்னப் பெட்டி, ஆட்டோவின் ஸ்பீக்கர், பல புளூடூத் பெட்டிகள், கோயில் விழாவின் ஒலிபெருக்கி என எல்லாமே வலத்தையும் இடத்தையும் கூட்டி ஒன்றாக்கித்தான் ஒலிக்கின்றன. அப்படிக் கூட்டும்போது மூலக் குரலும் 15 மில்லி நொடி பிந்திய நகலும் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. ஓர் அலையின் மேடும் மற்றதன் பள்ளமும் சந்திக்கும் அதிர்வெண்களில் ஒலி அழிந்துபோகிறது. இந்தக் கணக்கில் 33 ஹெர்ட்ஸில் முதல் பள்ளம், பிறகு 100, 167, 233 என்று ஏறக்குறைய 67 ஹெர்ட்ஸுக்கு ஒன்றாகக் குரலின் உச்சி வரைக்கும் பள்ளங்கள். பொறியாளர்கள் இதைச் சீப்பு வடிகட்டி என்கிறார்கள். குரல் ஒரு குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல உள்ளீடற்று ஒலிக்கும். இயர்போனில் அகலமாக இருந்த அதே பாட்டு வீதியில் மெலிந்து போவதன் காரணம் இவ்வளவுதான்.

இது குரலின் நிறத்துக்கு நேரும் கேடு. சொல்லுக்கு நேரும் கேடு நீண்ட டிலேயில், அதாவது எக்கோவில் இருக்கிறது. தமிழில் வல்லினம் இரட்டிக்கும் இடத்தில் நாக்கோ உதடோ காற்றை அடைத்துக்கொண்டு நொடியில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ நிற்கும். அந்த நேரத்தில் வாயிலிருந்து ஒலியே வருவதில்லை. அந்த மௌனம் எழுத்தின் ஒரு பகுதி. அது இருந்தால்தான் இரட்டித்த எழுத்து இரட்டித்ததாகக் காதில் விழும். முந்தைய எழுத்தின் எதிரொலி வந்து அந்த மௌனத்தை நிரப்பினால் வல்லினத்தின் அழுத்தம் கரைந்துவிடும். குறிலுக்குப் பின்னால் எக்கோ நீண்டால் அது நெடிலாக மயங்கும். சாதாரண மெல்லிசைப் பாட்டில் இது சிறு குறை. சந்தமே உயிராக உள்ள திருப்புகழில் இது பாட்டின் முதுகெலும்பில் விழும் அடி. நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் ஒரு தட்டுக்கு 500 மில்லி நொடி. தட்டுக்கு நான்கு எழுத்தாகச் சந்தம் ஓடினால் ஓர் எழுத்துக்குக் கிடைப்பது 125 மில்லி நொடி மட்டுமே. 375 மில்லி நொடி எக்கோவை இதன் மேல் போட்டால், ஒவ்வோர் எழுத்தும் தனக்குப் பின்னால் வரும் மூன்றாவது எழுத்தின் மேல் ஏறி உட்காரும். முக்கால் தட்டு அளவான அந்த எக்கோ, ஒன்றிரண்டு சுரங்களை வாசித்துவிட்டு இடம் விடும் கிட்டாருக்கு மிக அழகு. இடைவெளிகளில் நுழைந்து தாளத்தை இழைக்கும். திருப்புகழைப் பாடிய அருணகிரிநாதர் அந்த இடைவெளியை விட்டுவைக்கவில்லை. போதாக்குறைக்கு, அவருடைய சந்தங்கள் நான்கு நான்காக மட்டும் நடப்பவை அல்ல. ஐந்தும் ஏழும் ஒன்பதுமாகப் பிரிந்து கூடுபவை. மென்பொருள் நான்கைக் கணக்கில் வைத்துக் கொடுக்கும் எக்கோ நேரம் அந்த நடையில் எங்கே போய் விழும் என்பதைப் பாடகரிடமோ மிருதங்கக்காரரிடமோ கேட்காமல் மிக்ஸிங் செய்பவர் முடிவு செய்ய முடியாது.

அடுத்தது மாடுலேஷன் வகை எஃபெக்ட்கள். டிலேயின் நேரத்தை ஒரே அளவில் நிறுத்தாமல் மெல்ல மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தால், நகலின் சுருதி மூலத்தைவிட ஒரு இழை ஏறியும் இறங்கியும் வரும். சில மில்லி நொடிக்குள் ஆட்டி, வெளியே வருவதில் கொஞ்சத்தை மறுபடி உள்ளே அனுப்பினால் சுழன்று சீறும் ஃபிளேஞ்சர். இருபது முப்பது மில்லி நொடியை ஒட்டி ஆட்டினால் பலர் சேர்ந்து பாடுவது போன்ற கோரஸ். ஒரே குரலை இரண்டாக்கிக் காட்டும் வேலையை லண்டனின் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் கென் டவுன்சென்ட் 1966இல் டேப் இயந்திரங்களைக் கொண்டு செய்தார். பீட்டில்ஸ் குழுவினருக்கு ஒரே பாட்டை இரண்டு முறை பாடிப் பதியும் அலுப்பு தீர வேண்டும் என்பதே நோக்கம். இன்று அது எந்த மடிக்கணினியிலும் இருக்கிறது. ஆனால் இந்த எஃபெக்ட் எதைப் போலச் செய்கிறதோ அந்த அசல், முருகன் பாட்டில் நமக்கு நெடுங்காலமாகவே உண்டு. சூலமங்கலம் சகோதரிகள் பாடிய கந்த சஷ்டி கவசத்தைக் கேளுங்கள். இரண்டு குரல்கள், ஒரே சொல், ஒரே நேரம். உயிரெழுத்து நீளும் இடங்களில் இரு குரலுக்கும் உள்ள நுண்ணிய சுருதி வேறுபாடு ஒலியைத் தடிமனாக்கி மினுங்க வைக்கிறது. மெய்யெழுத்து வரும் இடங்களில் இருவரும் ஒன்றாக நிற்கிறார்கள். அதனால்தான் கவசத்தின் இத்தனை அடிகளும், அடுக்கடுக்காக வரும் உடலுறுப்புகளின் பெயர்களும், மங்கிய ஸ்பீக்கரிலும் பிசிறில்லாமல் புரிகின்றன. கணினியின் கோரஸுக்கு உயிரும் மெய்யும் ஒன்றுதான். இரண்டையும் சேர்த்தே ஆட்டுகிறது. குரலைத் தடிமனாக்கித்தான் ஆக வேண்டும் என்றால் அதே பாடகரை இன்னொரு முறை பாட வைப்பதே என் கணக்கில் சிறந்த கோரஸ். அதற்கு நேரமில்லையென்றால், நகலின் மெய்யொலிகளை அடக்கிவிட்டுக் கோரஸைத் தாழ்வாகச் சேர்க்கலாம்.

இதற்கு மறுப்புகள் உண்டு. இப்போது எல்லோரும் இயர்போனில்தானே கேட்கிறார்கள், கடைவீதி ஸ்பீக்கரை நினைத்து ஏன் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று கேட்கலாம். தனியாகக் கேட்கிற சினிமாப் பாட்டுக்கு இது நியாயமான கேள்வி. அங்கே பரிசோதனைகள் இன்னும் நடக்கட்டும். ஆனால் முருகன் பாட்டின் வாழ்க்கையில் பெரும்பகுதி பொது இடத்தில் நடக்கிறது. ஆடிக் கிருத்திகையில் காவடிகளும் பம்பையும் உடுக்கையும் கூட்டமும் சேர்ந்த இரைச்சலுக்கு நடுவே அது ஒலித்தாக வேண்டும். ஒற்றை ஸ்பீக்கரில் தேறிய மிக்ஸிங் இயர்போனில் எதையும் இழப்பதில்லை. இயர்போனில் மட்டும் தேறியது வெளியே வந்தால் நிறைய இழக்கிறது. டி.எம். சௌந்தரராஜனும் சீர்காழி கோவிந்தராஜனும் பாடிய பழைய பக்திப் பாடல்களிலும் எக்கோ உண்டே, அவை நெஞ்சில் நிற்கவில்லையா என்பது இன்னும் வலுவான மறுப்பு. நிற்கின்றன. ஆனால் அன்றைய மோனோ பதிவில் வலம் இடம் என்று ஒன்றையொன்று அழித்துக்கொள்ள இரண்டு பக்கம் இல்லை. குரல் முன்னே நின்றது, எக்கோ அதற்குப் பின்னே தாழ்ந்து நின்றது, நீண்ட சுரத்தில்தான் அது வெளியே தெரிந்தது. அந்தப் பாடல்கள் என் வாதத்துக்குச் சாட்சியே தவிர எதிரி இல்லை. எதிரொலிதான் கோயில் உணர்வைத் தருகிறது என்பாரும் உண்டு. கல் மண்டபத்தின் முழக்கம் ஆயிரக்கணக்கான நுண் பிரதிபலிப்புகள் சேர்ந்து மெல்லத் தேய்வது. முழுச் சொல்லையும் அப்படியே திருப்பிச் சொல்லும் எக்கோ வேறு சாதி. மண்டப உணர்வு வேண்டுமென்றால், அந்த முழக்கத்தைப் போலச் செய்யும் ரிவெர்ப் குரலுக்குச் சற்றுப் பின்தங்கித் தொடங்கினால் போதும்.

திருத்தணிக்கே உரிய இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆந்திரத்தில் இருந்த இந்த ஊர் 1960 ஏப்ரல் 1 அன்றுதான் அப்போதைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லை மாறினாலும் பக்தர்கள் மாறவில்லை. சித்தூர்ப் பக்கத்திலிருந்து தெலுங்கு பேசும் குடும்பங்கள் இன்றும் திரண்டு வருகின்றன. தாய்மொழியில் இரண்டு எழுத்து தேய்ந்தால் மனம் ஊகித்து நிரப்பிக்கொள்ளும். பிறகு கற்ற மொழியில் அந்த ஊகம் எளிதில் வராது. இரைச்சலும் எதிரொலியும் கலந்தால் இரண்டாம் மொழியாகக் கேட்பவர்களுக்கே பேச்சு முதலில் புரியாமல் போகிறது என்பது ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டும் உண்மை. தமிழ்ப் பாட்டைத் தெலுங்குக் காதும் தெலுங்குப் பாட்டைத் தமிழ்க் காதும் கேட்கும் ஊரில் சொல்லைச் சுத்தமாகக் கொடுப்பது மரியாதையும்கூட.

வழிகள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. குரலை எந்த நகலும் இல்லாமல் நடுவில் வைப்பது முதல் வேலை. எக்கோவைத் தனி வழியில் அனுப்பி, பாடகர் பாடும் வரை அதன் அளவு தானாகத் தாழ்ந்து, அடி முடிந்ததும் எழும்படி அமைக்கலாம். இதற்கான வசதி இன்றைய மென்பொருள்களில் சாதாரணம். சொல்லின் தெளிவைச் சுமக்கும் மேல் அதிர்வெண்களை எக்கோவிலிருந்து வெட்டிவிட்டால், அது மூலக் குரலோடு போட்டியிடாமல் நிழலாக நிற்கும். கோரஸின் ஆட்டிய நகலை வலப்பக்கம் அப்படியேயும் இடப்பக்கம் அதே நகலின் அலையைத் தலைகீழாக்கியும் வைக்கும் முறையும் உண்டு. இயர்போனில் அது அகன்று கேட்கும். இரண்டு பக்கமும் ஒன்றாகக் கூடும்போது நகல் தன்னைத்தானே அழித்துக்கொண்டு நடுவில் உள்ள குரல் மட்டும் மிஞ்சும். ஸ்டீரியோவின் செல்வமும் மோனோவின் தெளிவும் ஒரே மிக்ஸிங்கில் கிடைக்கும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. வீணை, குழல், பின்னணிக் குழுப்பாட்டு ஆகியவற்றின் மேல் டிலேயையும் கோரஸையும் தாராளமாகவே விடலாம்.

இவ்வளவும் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நடப்பது. வெளியே மலை தன் பங்குக்கு ஒரு டிலேயைச் சேர்க்கிறது. ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 2.9 மில்லி நொடி ஆகும். ஏறுவழியில் 50 மீட்டர் தள்ளித்தள்ளி உரத்த ஒலிபெருக்கிகளைக் கட்டினால், ஒன்றின் அருகே நிற்பவருக்கு அடுத்ததன் ஒலி 145 மில்லி நொடி பிந்தி வரும். மேலே சொன்ன வேகத்தில் அது ஓர் எழுத்தைவிட நீளம். கூடத்தில் எவ்வளவு சுத்தமாக மிக்ஸிங் செய்திருந்தாலும் இங்கே சொல் குழம்பும். பெரிய மைதானக் கச்சேரிகளில் சவுண்ட் இன்ஜினியர்கள் இதற்கு டிலேயையே மருந்தாக்குகிறார்கள். தொலைவில் உள்ள ஸ்பீக்கரை அதன் தூரத்துக்கு ஏற்பத் தாமதித்து, மேடையின் ஒலி ஒரு கணம் முந்தி வரும்படி செய்கிறார்கள். ஹாஸ் கண்ட விதிப்படி பாட்டு மேடையிலிருந்தே வருவதாகக் காது நம்புகிறது. மேடைக்கு முன்னால் ஒரே திசையில் அமர்ந்திருக்கும் கூட்டத்துக்கு அது சரி. படிகளில் மக்கள் மேலும் கீழுமாக நடக்கிறார்கள். ஒருவருக்குப் பொருந்தும் தாமதம் எதிரே வருபவருக்குப் பொருந்தாது. அங்கே மைக் செட்காரர் செய்யக்கூடியது இன்னும் எளிது. நான்கைந்து பெரிய ஒலிபெருக்கிகளைக் கழற்றிவிட்டு, எட்டு பத்து மீட்டருக்கு ஒன்றாகச் சிறிய பெட்டிகளைத் தாழ்ந்த ஒலியில் வைத்தால், அடுத்தடுத்த பெட்டிகளுக்கு இடையிலான தாமதம் 30 மில்லி நொடிக்குள் அடங்கிவிடும். தொலைவில் உள்ள பெட்டிகளின் ஒலி காதுக்கு எட்டும் முன்பே தேய்ந்திருக்கும். செலவு கூடுவது கம்பிக்கும் பெட்டிக்கும்தான். படியேறுகிறவர் காதில் அருணகிரியின் சந்தம் எழுத்து எழுத்தாக விழும்.