கூடைப்பந்து சோறு போடுமா? காலி அரங்கில் பிறந்த ஒரு லீக்கின் கதை!

ராமநாதபுரம், மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் ஒரு பிள்ளை, "கூடைப்பந்து விளையாடப் போறேன்" என்று சொன்னால், வீட்டில் எழும் முதல் கேள்வி "இதெல்லாம் சோறு போடுமா?" என்பதாகத்தான் இருக்கும். உலகின் மிகப் பெரிய கூடைப்பந்து லீக்கான அமெரிக்காவின் என்.பி.ஏ-வும் இந்தக் கேள்வியோடு போராடித்தான் வளர்ந்தது.

அரங்கை நிரப்ப வந்த ஆட்டம்

கூடைப்பந்தை 1891-ல் உருவாக்கியவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். 1946 ஜூன் 6-ல் பி.ஏ.ஏ என்ற பெயரில் 11 அணிகளோடு லீக் தொடங்கியது. தொடங்கியவர்களில் பெரும்பாலானோர் ஐஸ் ஹாக்கி அரங்குகளை நடத்தியவர்கள். ஹாக்கி இல்லாத இரவுகளில் அரங்கம் சும்மா கிடந்தது. அதை நிரப்ப ஓர் ஆட்டம் தேவைப்பட்டது, அவ்வளவுதான்!

முதல் சீசன் முடிந்ததுமே 4 அணிகள் மூட்டை கட்டின. 1949-ல் இன்னொரு லீக்கான என்.பி.எல்-உடன் இணைந்த பிறகே என்.பி.ஏ என்ற பெயர் வந்தது.

அப்போதும் சிக்கல் தீரவில்லை. பந்தைக் கூடையில் போடாமல் கையிலேயே வைத்து நேரத்தைக் கடத்தினார்கள். 1950-ல் ஓர் ஆட்டம் 19-18 என முடிந்தது! ரசிகர்கள் சலித்துப்போனார்கள். 24 விநாடிகளுக்குள் பந்தை எறிந்தே ஆக வேண்டும் என்ற விதி 1954-ல் வந்தது. ஆட்டம் சூடுபிடித்தது.

எப்படி இயங்குகிறது?

இப்போது 30 அணிகள். வழக்கமான சீசனில் ஒவ்வோர் அணிக்கும் 82 ஆட்டங்கள். டி.வி உரிமை, டிக்கெட், விளம்பரம் ஆகியவைதான் வருமானம். பணக்கார அணியே எல்லா நட்சத்திரங்களையும் வளைத்துவிடாமல் இருக்கச் சம்பளத்துக்கு வரம்பு உண்டு. புதிய வீரர்களைத் தேர்வு செய்யும் 'டிராஃப்ட்'டில், பின்தங்கிய அணிகளுக்கே முன்னுரிமை வாய்ப்பு. 2015 டிராஃப்டில், 52-வது வீரராக பஞ்சாபின் சத்னம் சிங் தேர்வானார். அப்படித் தேர்வான முதல் இந்தியர் அவர்தான்.

நம் ஊரில்?

அதே 2015-ல் இந்தியாவில் யு.பி.ஏ லீக் 8 அணிகளோடு தொடங்கியது. சென்னை ஸ்லாம் அதில் ஓர் அணி. சில சீசன்களிலேயே அந்த லீக் நின்றுபோனது. 2022-ல் இந்தியக் கூடைப்பந்து சம்மேளனத்தின் ஆதரவோடு ஐ.என்.பி.எல் வந்தது. 6 அணிகள் மோதிய முதல் சீசனில் கோப்பையை வென்றது சென்னை ஹீட்.

ஆனாலும், நம் முன்னணி வீரர்கள் பலருக்கு மாதச் சம்பளம் தருவது லீக் அல்ல. ரயில்வே, இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி போன்ற நிறுவனங்களின் வேலைதான். தமிழக அரசுப் பணிகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவிகித ஒதுக்கீடு இருக்கிறது.

கடலோரப் பிள்ளைகளுக்கான வழியும் இங்கிருந்தே தொடங்குகிறது. பள்ளி அணி, முதலமைச்சர் கோப்பை, விளையாட்டு விடுதிக்கான தேர்வு... படிப்பைக் கைவிடாமல் ஏற வேண்டிய படிகள் இவை. ராமநாதபுரத்தில் விசாரிக்க வேண்டிய இடம், சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கம்.

கூடைப்பந்து இன்றைக்குச் சோறு போடும், வேலை வழியாக. லீக் வழியாகவும் போட வேண்டுமென்றால், அரங்குகள் நிரம்ப வேண்டும்!