போலிக் கணக்கு முகத்தை மறைக்கும், பொறுப்பை மறைக்காது

பெயர் போடாத மொட்டைக் கடிதம் தோட்டப்புறத்துக்குப் புதிதல்ல. அதே வேலையை இன்று போலிக் கணக்குகள் செய்கின்றன. காலையில் டிக்டாக்கில் ஏறும் அவதூறு, மாலைக்குள் ரிங்லெட் முதல் பிரிஞ்சாங் வரை புலனக் குழுக்களில் சுற்றி வந்துவிடும். எல்லாரும் எல்லாரையும் அறிந்த கேமரன் மலையில் பெயர்கூடத் தேவையில்லை. "அந்தத் தோட்டத்து மண்டோர் மகள்" என்றாலே போதும். பெயர் சொல்லாவிட்டாலும், படிப்பவருக்கு ஆள் யாரெனப் புரிந்தால் அவதூறு வழக்குக்கு இடமுண்டு.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதை 2024இல் நாடு கண்டது. டிக்டாக்கில் ஈஷா என அறியப்பட்ட ராஜேஸ்வரி, இணையப் பகடிவதை குறித்துப் போலீசில் புகார் செய்த மறுநாள், ஜூலை 5ஆம் தேதி உயிரிழந்தார். அவரை இழிவுபடுத்திய ஒருவருக்கு நீதிமன்றம் விதித்த அபராதம் 100 ரிங்கிட். 1955ஆம் ஆண்டு சிறு குற்றங்கள் சட்டத்தின் 14ஆவது பிரிவில் அதுவே உச்ச அபராதம். ஓர் உயிருக்கு 100 வெள்ளியா என்று மக்கள் கொதித்தனர்.

இப்போது நிலைமை வேறு. தண்டனைச் சட்டத்தில் 507பி முதலான புதிய பிரிவுகள் 2025 ஜூலை 11 முதல் நடப்பில் உள்ளன. துன்புறுத்தும் நோக்கில் மிரட்டினாலோ இழிவாகப் பேசினாலோ 3 ஆண்டுகள் வரை சிறை. அதே நோக்கில் ஒருவரின் அடையாள விவரங்களை வெளியிடுவதும் குற்றம். உயிரை மாய்த்துக்கொள்ளத் தூண்டினால் 10 ஆண்டுகள் வரை சிறை. தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவிலும் உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்ந்துள்ளது.

பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பல வீடுகளில் சிம் அட்டையும் வைஃபையும் அப்பா பெயரில் இருக்கும், பயன்படுத்துவது பிள்ளை. 2012இல் நடப்புக்கு வந்த சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவின்படி, இணையச் சேவை யார் பெயரில் பதிவாகியுள்ளதோ அவரே பதிவை வெளியிட்டவர் என்று நீதிமன்றம் முதலில் அனுமானிக்கும். "நான் இல்லை" என்று காட்டுவது அவர் பொறுப்பு.

பாதிக்கப்பட்டவர் செய்ய வேண்டியவை:

• பதில் எழுதிச் சண்டையை வளர்க்காதீர்கள். அது பதிவை இன்னும் பலரிடம் கொண்டு சேர்க்கும்.
• கணக்கை முடக்கும் முன் ஆதாரத்தைச் சேமியுங்கள். கணக்கின் பெயர், பதிவின் இணைப்பு, தேதி, நேரம் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.
• அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் செய்து, அதன் நகலை வாங்கி வையுங்கள்.
• டிக்டாக், முகநூல் நிறுவனத்திடமும் எம்.சி.எம்.சி. எனப்படும் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடமும் புகார் அளியுங்கள்.
• இழப்பீடு கோரும் அவதூறு வழக்கைத் தீபகற்பத்தில் 6 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும்.

"வந்ததை அனுப்பினேன், நான் எழுதவில்லை" என்பது தப்பிக்கும் வழியல்ல. அவதூறை மறுபடி பரப்பினால் அதுவும் வெளியிட்டதாகவே கொள்ளப்படும். குழுவில் வந்தால் அங்கேயே நிறுத்துவதுதான் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு நாம் செய்யும் முதல் உதவி.

மனம் தாங்காதபோது தனியே இருக்க வேண்டாம். பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, ஹீல் 15555, தாலியான் காசே 15999 ஆகிய எண்களை அழைக்கலாம்.